சில்வர் என்றுதான் கேட்டான்

மே 27, வெள்ளி

மீன்பிடித் தடைக்காலம் முடியப் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. படகுகள் எல்லாம் கரையேறிக் கிடக்கின்றன. ஊரில் அத்தனை பேருக்கும் இப்போதுதான் போல்ட்டும் நட்டும் ஞாபகத்துக்கு வரும். காலையிலிருந்து உட்காரவில்லை.

லியோன் வந்து அலுமினியத் தொட்டி மூடிக்குப் பித்தளை ஸ்குரூ கேட்டான். தர முடியாது என்றேன். "ஏன் பெரியப்பா, இருக்குல்லா?" என்றான். இருக்கிறது, உனக்கு இல்லை. உப்புத் தண்ணீர் பட்டால் பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, அதைச் சுற்றி அலுமினியம் வெள்ளை மாவாக உதிரும். எஸ்.எஸ். ஸ்குரூவும் நைலான் வாஷரும் கொடுத்து, இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். இந்தத் துறைமுகத்தில் இதைச் சொல்லிக் கொடுக்கிற கடை என்னுடையது ஒன்றுதான். இஞ்ஞாசி கடையில் வாங்கினால் கழன்று விழாது என்பார்கள். அந்த விஷயத்தில் மட்டும் ஊர் நியாயமாகப் பேசுகிறது.

சாயங்காலம் மகள் பவுலின் பேத்தியைக் கூட்டி வந்தாள். டெல்பிக்கு ஆறு வயது. மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "தாத்தா, ஓங்காளம்னா என்ன?" என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன்.

"கொஸ்மாஸ் தாத்தா என்னைய 'ஓங்காளம் பேத்தி'ன்னு கூப்பிட்டாவ. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்."

பவுலின் பிள்ளையை வெளியே விளையாட அனுப்பிவிட்டாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மே 28, சனி

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். தெருவில் ஒரு காக்கை கூட இல்லை. ஷட்டரை இழுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று எழுந்தபோது கொஸ்மாஸ் வந்தான்.

"என்னவே ஓங்காளம், கண்ணு சொருகுது? படகுக்குப் புது சுக்கான். பூரா சில்வர் தகடுல அடிச்சிருக்கேன். எட்டு சில்வர் போல்ட் தாரும். அரை இஞ்ச், மூணு இஞ்ச் நீளம்."

அந்தப் பெயரைப் பற்றி இந்த நோட்டில் இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் அப்பாவின் வள்ளத்தில் முதல் தடவை கடலுக்குப் போனேன். போன நேரத்திலிருந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. வலையிலும் எடுத்துவிட்டேன். கூட வந்த கொஸ்மாஸ் கரையில் இறங்கியதும் என்னைப்போல ஓங்கரித்துக் காட்டினான். கரையே சிரித்தது. அன்றிலிருந்து நான் ஓங்காளம். பரவ வீட்டில் பிறந்து கடல் ஒத்துக்கொள்ளாதவன் வேறு என்ன செய்வான்? போல்ட் விற்கிறேன். கடைக்குப் பெயர் 'புனித இஞ்ஞாசியார் ஹார்டுவேர்ஸ்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். ஊருக்கு அது ஓங்காளம் கடை. பவுலின் கல்யாணத்தில் கொஸ்மாஸ் மைக்கைப் பிடித்து அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்தினான்.

சரி. சில்வர் விஷயத்துக்கு வருகிறேன். அடுப்படியில் சில்வர் என்றால் எவர்சில்வர், அதாவது எஸ்.எஸ். என் கடையில் சில்வர் என்றால் சாதாரண இரும்புக்கு மேலே வெள்ளைப் பூச்சு. மஞ்சள் பூச்சும் இருக்கிறது, அதனால் அப்படிப் பிரித்துச் சொல்வோம். புதிதாக இருக்கும்போது இரண்டும் ஒரே பளபளப்பு. யார் சில்வர் என்று கேட்டாலும், "பூச்சா, எஸ்.எஸ்.ஸா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். முப்பது வருடப் பழக்கம்.

இன்று கேட்கவில்லை. பூச்சு போல்ட் எட்டு எண்ணிக் கொடுத்தேன். தலையில் 8.8 என்று அச்சடித்திருக்கிறது. எஸ்.எஸ். என்றால் வேறு எழுத்து இருக்கும். வாசிக்கத் தெரிந்தவன் வாசித்துக்கொள்ளட்டும்.

கடையில் கூட்டமாக இருந்ததால் கேட்க முடியவில்லை.

ஜூன் 3, வெள்ளி

கரைப்பக்கம் சும்மா நடந்துவிட்டு வந்தேன். கொஸ்மாஸ் படகுக்குச் சுக்கான் மாட்டியாகிவிட்டது. போல்ட் தலைகளுக்கு மேலே பட்டி பூசி, பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். ஒன்றும் தெரியவில்லை. நல்ல வேலைக்காரர்கள்.

"துத்தநாகக் கட்டி புதுசு போட்டாச்சா?" என்று அங்கே நின்ற கொஸ்மாஸிடம் கேட்டேன். படகின் அடியில் அதைக் கட்டிவிட்டால் உப்புத் தண்ணீர் முதலில் அதைத்தான் தின்னும், மற்ற இரும்பு தப்பிக்கும்.

"போன வருசத்துதே கொஞ்சம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அடுத்த தடவ பாப்போம்வே," என்றான்.

அதையும் சொல்லத்தான் செய்தேன், கட்டி போடு என்று. இரண்டு தடவை சொல்லவில்லை.

ஜூன் 15, புதன்

சாமியார் மந்திரித்துத் தண்ணீர் தெளிக்க, படகுகள் கடலில் இறங்கின. கொஸ்மாஸ் படகில் அவனையும் சேர்த்து ஆறு பேர்.

ஜூலை 10, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் எடுத்து வந்தேன். வாராவாரம் எடுத்து வருகிறேன். கடைக்குப் பின்னால் ஒரு எவர்சில்வர் டம்ளரில் அதை ஊற்றி, பூச்சு போல்ட் ஒன்றை, கால் இஞ்ச், அடியில் படுகிற மாதிரி போட்டு வைத்திருக்கிறேன். தொழில் தெரிந்தவன் சோதித்துப் பார்ப்பதில் என்ன தவறு?

முதல் இரண்டு வாரம் வெள்ளையாக நுரை கட்டியது. அது பூச்சு போவது. இப்போது தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. டம்ளர் மட்டும் மாமியார் வீட்டுச் சீர் போலப் பளபளவென்று இருக்கிறது. எது தின்னும், எது தின்னப்படும் என்பதுகூடப் பெரிதில்லை, அளவுதான் பெரிது. பெரிய இரும்புத் தகட்டில் சின்ன எஸ்.எஸ். ஆணி அடித்தால் வருடக்கணக்கில் நிற்கும். பெரிய எஸ்.எஸ். தகட்டில் சின்ன இரும்பு ஆணி அடித்தால், அத்தனை பெரிய தகட்டின் பசிக்கும் அந்த ஆணி ஒன்றுதான் சோறு. படகில் இருக்கிற தகடு இந்த டம்ளரைப்போல நூறு மடங்கு.

டிசம்பருக்குள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அக்டோபர் என்று மாற்றிக்கொள்ளலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது சுக்கான் கழன்றால் என்ன ஆகும்? நடுக்கடல் என்றால் ஒன்றும் ஆகாது, வேறு படகு வந்து கட்டி இழுத்து வரும். ஊரே கரையில் நின்று பார்க்கும். அன்றைக்கு யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நான் நினைத்திருப்பது அவ்வளவுதான்.

ஜூலை 29, வெள்ளி

லியோன் வந்து, தொட்டி மூடி ஜம்மென்று இருக்கிறது பெரியப்பா என்றான். சந்தோஷம்.

ஆகஸ்ட் 22, திங்கள்

போன புதன்கிழமை கொஸ்மாஸ் படகுக்கு அடியில் சுழலும் காற்றாடியில் வலை சிக்கிக்கொண்டதாம். அவனுடைய ஆள் முங்கி அறுத்துவிட்டானாம். அதன் பிறகு நான்கு நாள் படகு துறைமுகத்தில் இல்லை. இன்ஜின் வேலைக்கு வெளியூர் கொண்டுபோனான் என்கிறார்கள். அங்கே போய் என்னத்தை வாங்கினானோ. என் கடைப் பக்கம் வரவில்லை.

இன்று காலையில் தேவாலயத்து முக்கில் எதிரே வந்தான். நின்றான். "இஞ்ஞாசி, சொகமா இருக்கீரா?" என்று கேட்டான்.

இஞ்ஞாசி என்றான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது அவன் வாயிலிருந்து என் பெயரைக் கேட்டு. ஒரு நிமிடம், சொல்லிவிடலாம் என்று இருந்தது. "அந்தப் போல்ட்டை மாத்திடும், தப்பாக் குடுத்துட்டேன்," அவ்வளவுதான், நாலைந்து வார்த்தை. அவனோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னவோ எதிர்பார்க்கிறவன் மாதிரி. எனக்குப் பிடிக்கவில்லை. நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, ஞாயிறு

பங்குத் திருநாளுக்கு இந்த வருடம் மாதா சொரூபத்தை ஏற்றிக்கொண்டு கடல் பவனி போவது கொஸ்மாஸ் படகு. சாமியார் பூசையில் அறிவித்தார். அக்டோபர் இரண்டாம் தேதி.

பூசை முடிந்ததும் அவனே என்னிடம் வந்தான். "நீரு ஏற மாட்டீரு, தெரியும். மகளையும் மருமவனையும் பேத்தியையும் அனுப்பும்வே. முன்னால எடம் போட்டு வைக்கேன். டெல்பிக்குட்டி மாதா பக்கத்துலயே இருக்கட்டும்."

சரி என்று தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற பவுலினுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

செப்டம்பர் 25, ஞாயிறு

டம்ளரிலிருந்து போல்ட்டை எடுத்துப் பார்த்தேன். மரை முழுக்கப் போய்விட்டது. நட்டைத் திருகவே வேண்டாம், இழுத்தால் கையோடு வருகிறது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

பவனிக்கு அந்தப் படகில் எண்பது பேராவது ஏறுவார்கள். பெண்கள், பிள்ளைகள், பாட்டுக் கோஷ்டி. இது நடுக்கடலும் இல்லை. துறைமுக வாயைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். அங்கே இரண்டு பக்கமும் பாறாங்கல், அலை குறுக்கே அடிக்கும். அந்த இடத்தில் சுக்கான் கையை விட்டால் படகு கல்லில் போய்த்தான் நிற்கும்.

சொல்வதென்றால் இன்றே சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? மே மாதம் கொடுத்ததை செப்டம்பரில் சொன்னால், நாலு மாசம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். ஓங்காளம் என்பதோடு இன்னொரு பெயரும் சேரும். அதுவும் போக, இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு மட்டும்தானா ஆகப்போகிறது?

பவுலினும் டெல்பியும் ஏறக்கூடாது. அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.

அக்டோபர் 1, சனி

பவுலினுக்குப் போன் செய்து நெஞ்சு வலிக்கிறது என்றேன். அழுதுகொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினாள். வாயுதான், நாளைக்கு ஒரு நாள் பக்கத்தில் இரு, போதும் என்றேன். "படகுக்கு?" என்றாள். அடுத்த வருடம் போய்க்கொள்ளலாம், மாதா எங்கே போய்விடப் போகிறாள் என்றேன். சரிப்பா என்றாள்.

பாவம், ஆசையாக இருந்தாள். நல்ல பிள்ளை.

அக்டோபர் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டே முக்காலுக்குப் பவுலின் கஞ்சி கொண்டு வந்தாள். தனியாகத்தான் வந்திருந்தாள். பிள்ளை எங்கே என்றேன்.

"அவ அப்பாகூடப் படகுல ஏறிட்டாப்பா. கொஸ்மாஸ் மாமாவே கையப் பிடிச்சு ஏத்தி விட்டாவளாம், இப்பதான் அவுக போன்ல சொன்னாவ. வெள்ளைக் கவுன் போட்டு ஏஞ்சல் மாதிரி இருக்கா."

மருமகன் ரொசாரியோ ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அவன் கூட்டிக்கொண்டு போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வலி வந்தால் பவுலின் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்றே நினைத்துவிட்டேன்.

கஞ்சியை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். அங்கிருந்து துறைமுக வாய் வரை தெரியும். மூன்று மணிக்குக் கொஸ்மாஸ் படகு கிளம்பியது. சீரியல் பல்பு, கொடி, ஸ்பீக்கரில் மாதா பாட்டு. பின்னால் இருபது படகுகள். என் கையில் போன் இருந்தது. கொஸ்மாஸ் நம்பரை எடுத்தும் வைத்துவிட்டேன். பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

கூப்பிட்டால் எதற்கு என்பான். சுக்கான் போல்ட் சரியில்லை, திரும்பு என்று சொல்ல வேண்டும். சுற்றி எண்பது பேர் கேட்பார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

பவுலின் மேலே வந்து, "யாருக்குப்பா பேசுறீங்க?" என்றாள். யாருக்கும் இல்லை என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் இறங்கிப் போனாள். அதன் பிறகும் இரண்டு முறை போனை எடுத்தேன். விரல் நடுங்கியது. படகு வாயைத் தாண்டும்போது அலை தூக்கிப் போட்டது. ஜெபமாலை சொன்னேன். ஐம்பத்து மூன்று மணியையும் சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாதாவே, உன் படகுதானே, நீயே பார்த்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

நாலேகாலுக்குப் படகு திரும்பி வந்து, பூ மாதிரி படகுத்துறையை அணைந்தது.

கடவுளுக்குத் தோத்திரம். கஞ்சியைச் சூடு பண்ணச் சொல்லிக் குடித்தேன்.

அக்டோபர் 3, திங்கள்

கடை திறந்ததும் கொஸ்மாஸ் வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரலை உயர்த்தவே இல்லை.

"இஞ்ஞாசி, ஆகஸ்டுல நம்ம ஆளு முங்கினான்லா? சுக்கான் போல்ட் தலையில துரு வழியுதுன்னான். வெளியூர் கொண்டுபோய்க் கழத்துனா ரெண்டு நட்டு கையோட வந்துட்டு. எல்லாத்தையும் எஸ்.எஸ். போட்டு மாத்தியாச்சு. அந்த மேஸ்திரிதான் சொன்னான், இது பூச்சு போல்ட்டுன்னு."

நான் கல்லா மேசையைத் துடைத்தேன்.

"அன்னைக்கே வந்து உம்ம சட்டையைப் பிடிச்சிருப்பேன். ஆனா சில்வர்னு கேட்டது நான்தானே. தப்பாக் குடுத்துட்டீரா, தெரிஞ்சே குடுத்தீரா? எனக்குப் பிடிபடல. முக்குல வச்சு சொகமான்னு கேட்டேன், அப்பவாவது சொல்லுவீருன்னு பாத்தேன். சொல்லல. அதான் பவனிக்குக் கூப்பிட்டேன். தெரியாமக் குடுத்தவருன்னா மகளை அனுப்புவீரு. உமக்கு நெஞ்சு வலி வந்துட்டு."

"நெசமாவே வலிதான்," என்றேன்.

"இருக்கும்வே. நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு சந்தேகத்த வச்சு ஒரு மனுசன முடிச்சிரக் கூடாதுல்லா? அதனால பேத்திய நானே ஏத்தினேன். அந்தச் சேதி மகளுக்குப் போன உடனே உமக்குத் தெரிஞ்சிரும், தெரிஞ்சா கூப்பிட்டுருவீரு. ரொசாரியோகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவன் நம்பல. எங்க மாமா அப்படி இல்லன்னான். என் போனை அவன் கையிலேயே குடுத்துட்டேன். ஒண்ணேகால் மணி நேரம் அந்தப் போனையே பாத்துக்கிட்டு வந்தான். கல்லுக்கிட்ட போறப்ப 'இப்பக் கூப்பிடுவாவ' 'இப்பக் கூப்பிடுவாவ'ன்னான். திரும்பி வந்து துறையில கட்டுன பெறவுதான் குடுத்தான்."

உண்மையில் நெஞ்சு வலி வந்துவிடுமோ என்று இருந்தது.

"நீரு ஒரு தடவ கூப்பிட்டிருந்தா, என்னன்னுகூடக் கேட்டிருக்க மாட்டேன். சரி இஞ்ஞாசின்னு படகைத் திருப்பியிருப்பேன். அந்தப் பேரு வச்சதுக்கு உம்ம கால்ல விழவும் ரெடியாத்தான் இருந்தேன்."

என்ன செய்யப் போகிறீர் என்று கேட்டேன். போலீஸ் நினைப்புத்தான் வந்தது.

"ஒண்ணும் செய்யல. ஊருல ஒருத்தனுக்கும் தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். உம்ம கடையிலதான் இனியும் வாங்குவேன். ரொசாரியோ வீட்டுக்குப் போய் உம்ம மககிட்ட சொல்லிட்டான். அது போதும்வே."

எழுந்து ஸ்டூலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

அக்டோபர் 4, செவ்வாய்

பவுலின் போனை எடுக்கவில்லை. பதினோரு முறை.

அக்டோபர் 6, வியாழன்

பவுலின் வந்தாள். கடைக்குள் ஏறவில்லை, தெருவிலேயே நின்றாள். ரொசாரியோவின் ஊருக்கே போய்விடப் போகிறார்களாம். அவனுக்கு அங்கே உப்பளத்தில் வேலை சொல்லியிருக்கிறார்களாம். டெல்பிக்கு அங்கேயே பள்ளிக்கூடம் பார்த்தாயிற்றாம்.

கொஸ்மாஸ் சொன்னதை அப்படியே நம்பிவிடாதே, அவன் என்னை என்னவெல்லாம் பேசியிருக்கிறான் என்று உனக்குத் தெரியும் என்றேன்.

"அவுக சொன்னத விடுங்கப்பா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். மாடிக்கு நான் வந்தப்போ போனைப் பையில போட்டீங்க. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது வெளிய எடுத்தீங்களா?"

எடுத்தேன் தாயி, இரண்டு தடவை எடுத்தேன், விரல் நடுங்கியது என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் கீழ போகலப்பா. நெஞ்சு வலிக்கார ஆளு, மயங்கி விழுந்துருவீங்களோன்னு உங்களையே பாத்துக்கிட்டுப் படியிலேயேதான் நின்னேன். நீங்க கீழ எறங்கி வார வரைக்கும்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். நான் ஏதாவது பேசுவேன் என்று பார்த்தாள்போல. பிறகு போய்விட்டாள். யாரோ வந்து சங்கிலிக் கொக்கி கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன்.

இப்போது இரண்டாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'இரண்டு முறை போனை எடுத்தேன்' என்று என் கையெழுத்தில்தான் இருக்கிறது. யாருக்காக எழுதினேன் என்று தெரியவில்லை, இந்த நோட்டை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்துவிட்டு அந்த இடத்தில் என்ன எழுதுவது?

அப்படியே விட்டுவிட்டேன்.